பேத்திக்குக் குழு பார்க்கப் போன கதை

என் அன்பு மகனுக்கு,

நான் சுகம். நீயும் சுகம்தான் என்பதைப் போன புதன்கிழமை கண்ணாலேயே கண்டேன், ஆகவே அதை விசாரிக்கவில்லை. இருபது நிமிடக் கார் ஓட்டத்தில் இருக்கும் அப்பன் என்னத்துக்குக் கடிதம் எழுதுகிறான் என்று நீ யோசிப்பாய். காரணம் இருக்கிறது. தொலைபேசியில் நான் இரண்டு வசனம் சொல்வதற்குள் "ஓம் அப்பா, ஓம் அப்பா" என்று எல்லாவற்றுக்கும் சம்மதம் சொல்லிவிட்டு, பிறகு உன் எண்ணப்படியே செய்வாய். நேரில் வந்தாலோ சப்பாத்தைக் கழற்றாமல் வாசலில் நின்று பேசுவாய். கடிதத்துக்கு இடையில் புகுந்து "ஓம் அப்பா" சொல்ல முடியாது, பார். அதனால்தான் எழுதுகிறேன். நாளைக்கு என் பேத்தி ஆதிரையை விட வரும்போது கையில் தருவேன். காருக்குள் வைத்து வாசிக்காதே. வீட்டுக்குப் போய், ஒரு தேநீர் போட்டுக்கொண்டு, ஆறுதலாக இருந்து வாசி.

போன புதன்கிழமையும் நீ அப்படித்தான் வாசலில் நின்றாய். "அப்பா, அந்த யூனியன்வில் லக்ரோஸ் ரீம் வேண்டாம். பிள்ளை இந்த வருசமும் இஞ்ச மல்வேர்னிலயே விளையாடட்டும். அது சரியான தூரம், போய்வரேலாது" என்றாய். நான் "ம்" என்றேன். அந்த ஒரு "ம்"முக்குள் நான் எவ்வளவைப் பிடித்து வைத்திருந்தேன் என்று உனக்குத் தெரியாது. உன் வீடு இருப்பதே யூனியன்வில்லில். அந்தக் குழு பயிற்சி எடுக்கும் அரீனா உன் வீட்டிலிருந்து பிள்ளை நடந்து போகிற தூரம். மல்வேர்னுக்கு வருவதற்குத்தான் நீ வேலையை இடையில் விட்டு, பள்ளிக்கூட வாசலில் அவளை ஏற்றி, நெரிசலில் ஊர்ந்து ஊர்ந்து என் கட்டடத்துக்கு வருகிறாய். பொய் சொல்கிறவன் வரைபடத்தையாவது ஒருமுறை பார்த்துவிட்டுச் சொல்லக் கூடாதா? உன் அம்மா இருந்திருந்தால் அந்த இடத்திலேயே காதைப் பிடித்திருப்பாள்.

ஞாயிற்றுக்கிழமைக்குள் அவர்களுக்குப் பதில் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் ஆதிரையின் இடத்தை வேறொரு பிள்ளைக்குக் கொடுத்துவிடுவார்கள் என்று மருமகள் சொன்னாள். ஆகவே எனக்கு இருப்பது கொஞ்ச நேரம்தான். ஆனாலும் நான் சுற்றி வளைத்துத்தான் வருவேன். அப்பன் கடிதம் எழுதினால் அப்படித்தான் இருக்கும், பொறுத்துக்கொள்.

லக்ரோஸ் எங்கள் வீட்டுக்குள் வந்த கதையில் உன் பக்கம் உனக்குத் தெரியும். என் பக்கத்தைச் சொல்கிறேன். நீ பள்ளிக்கூடத்தில் ஒரு நாள் விளையாடிப் பார்த்துவிட்டு, எனக்கு இதுதான் வேண்டும் என்று வந்து நின்றாய். எங்களுக்கு அப்படி ஒரு விளையாட்டு இருப்பதே தெரியாது. நுனியில் வலை கட்டிய தடியோடு உன்னைக் கண்ட அங்கிள்மார் எல்லாம் "தம்பி மீன் பிடிக்க வெளிக்கிட்டிட்டார் போல" என்று பகிடி பண்ணினார்கள். இது இந்த மண்ணின் பூர்வ குடிகளுடைய விளையாட்டு, நாங்கள் எல்லோரும் இங்கே வந்து சேர்வதற்கு எத்தனையோ தலைமுறைக்கு முன்பிருந்தே ஆடுகிறார்கள் என்று நீதான் எனக்குப் பாடம் எடுத்தாய். சரி, எந்தக் குழுவில் சேர்ப்பது? நாங்கள் எதையும் தெரிவு செய்கிற மாதிரித்தான் அதையும் செய்தோம். கோயிலில் கேட்டோம், அஜின்கோர்ட் கடைத்தெருவில் கண்டவர்களிடம் கேட்டோம், "உங்கட பிள்ளை எங்க போறார்?" என்று. எல்லாப் பிள்ளைகளும் மிருதங்கத்துக்கும் நீச்சலுக்கும் போய்க்கொண்டிருந்தார்கள். கடைசியில் சனிக்கிழமைத் தமிழ் வகுப்போடு முட்டாத குழு எதுவோ, என் வேலை நேரத்தோடு முட்டாத குழு எதுவோ, அதுதான் நல்ல குழு என்று முடிவெடுத்தோம். பயிற்சியாளர் எப்படிப்பட்ட ஆள் என்று நாங்கள் பார்க்கவே இல்லை. நல்ல மனுசராக அமைந்தது உன் அதிர்ஷ்டம்.

சாமான் வாங்கப் போன இடத்தில் நான் என் கைவரிசையைக் காட்டினேன். எங்கள் ஆட்கள் பிள்ளைக்கு எதைத்தான் அளவாக வாங்கியிருக்கிறார்கள்? குளிர்ச்சட்டை முழங்காலைத் தொடும், சப்பாத்து நுனிக்குள் பஞ்சு அடைப்போம், கேட்டால் "வளர்ற பிள்ளை" என்போம். ஹெல்மெட்டையும் அப்படியே பெரிதாகப் பார்த்து எடுத்தேன். கடையில் நின்ற பெண் இது தலைக்குப் பெரிது என்று மரியாதையாகச் சொல்லிப் பார்த்தாள். நான் உன் தலையைத் தடவி, இது எங்கள் பரம்பரைத் தலை, இன்னும் வளரும் என்று எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் அவளுக்கு விளக்கினேன். முதல் ஆட்டத்தில் நீ ஓடினாய். ஹெல்மெட் உன்னோடு ஓடாமல் தன் பாட்டில் திரும்பிக்கொண்டது. முகத்துக்கு முன்னால் இருக்க வேண்டிய கம்பி காதுப் பக்கம் போய்விட்டது. நீ ஒன்றும் தெரியாமல் உன் குழுவின் வலையை நோக்கியே பந்தைக் கொண்டு ஓட, நடுவர் விசிலடித்து நிறுத்தினார். பயிற்சியாளர் மேலே பார்த்து ஏதோ கேட்டார். அம்மா கழுத்தில் கிடந்த சால்வையைக் கழற்றிக் கொடுத்தாள். பயிற்சியாளர் அதை மடித்து ஹெல்மெட்டுக்குள் திணித்து உன்னைத் திரும்ப அனுப்பினார். நான் சிரித்துச் சிரித்து வயிறு நொந்துபோனேன். ஆட்டம் முடிந்து வந்தபோது நீ அழப்போகிறாய் என்று பயந்தேன். நீ வந்து, "ஹெல்மெட்டுக்குள்ள அம்மா மணக்கிறா" என்றாய். தலை அளவாக வளர்ந்த பிறகும் அந்தச் சால்வையை நீ வெளியே எடுக்கவில்லை.

இன்னொன்று. உனக்குக் கால் நீண்டு வேகம் வந்த காலத்தில், நகரத்தின் மறுபக்கத்திலிருந்த பெரிய குழு ஒன்று உன்னைக் கூப்பிட்டதும், நீ போகாமல் விட்டதும் எங்களுக்குத் தெரியவே தெரியாது. அதை நான் உன் கலியாண வரவேற்பில்தான் கேள்விப்பட்டேன். உன்னோடு விளையாடிய பெடியன் மைக்கைப் பிடித்து ஆங்கிலத்தில் ஏதோ சொன்னான், மண்டபமே சிரித்தது. நானும் சிரித்துவிட்டு, பக்கத்தில் நின்ற உன் மச்சானிடம், "என்னவாம்?" என்று கேட்டேன். "மாமா, இவரைப் பெரிய ரீம் ஒண்டு கூப்பிட்டதாம். அவையின்ர சட்டை மஞ்சள், எனக்கு மஞ்சள் பொருந்தாது எண்டு சொல்லிப்போட்டு வந்திட்டாராம்" என்றான். "பிறகுதான் தெரிஞ்சதாம், அப்பா இரவு வேலை, பகலில நித்திரை கொள்ளோணும், ஆர் கொண்டுபோறது எண்டுதான் இவர் போகேல்லையெண்டு." நான் பட்டு வேட்டியோடு மேடைப் பக்கத்தில் நின்று எல்லோரோடும் சேர்ந்து பல்லைக் காட்டினேன். பிறகு அம்மாவைக் கூட்டிக்கொண்டு கார் நிறுத்துமிடத்துக்குப் போனேன். விசயத்தைச் சொன்னேன். இரண்டு பேரும் காருக்குள் கொஞ்ச நேரம் இருந்துவிட்டு வந்தோம். படம் எடுக்க எங்களைத் தேடினார்களே, அந்த நேரம்தான் அது.

எனக்கு அப்போது வந்தது கவலை மட்டுமல்ல, கோபமும்தான். ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே, ராசா. நித்திரையை நான் பஸ்ஸிலும் கொள்வேன், அரீனாக் கதிரையிலும் கொள்வேன். என்னால் முடியுமா முடியாதா என்று என்னிடம் கேட்காமல் நீயே தீர்ப்பு எழுதிவிட்டாய். அதற்கு ஒரு மஞ்சள் சட்டையைச் சாட்டினாய். இப்போது தூரத்தைச் சாட்டுகிறாய். வயது வந்தும் உன் பொய்கள் முன்னேறவில்லை.

உண்மைக் காரணத்தை ஆதிரை எனக்குச் சொல்லிவிட்டாள். அவளை ஏசாதே, பிள்ளை தெரியாமல் சொன்னது. அம்மா போன பிறகு நீ தொடங்கிய புதன்கிழமை வழக்கம் உனக்குத் தெரியும். அவள் வருவாள், நான் புட்டு அவிப்பேன். தொடக்கத்தில் என் புட்டைத் தின்பதற்கு ஒரு சுத்தியல் தேவைப்பட்டது. போன மாதம், "அப்பப்பா, இண்டைக்குப் புட்டு உடையுது, குட் ஜொப்" என்று எனக்குச் சான்றிதழ் தந்தாள். சாப்பிட்டுவிட்டு இங்கே மல்வேர்ன் அரீனாவுக்கு நடப்போம். அவள் தடியைத் தூக்குவாள், நான் பையைத் தூக்குவேன். போன புதன்கிழமை அப்படி நடக்கும்போது, "அப்பப்பா, நான் இப்ப ஸ்லோவாத்தான் எறியிறனான், கவனிச்சனீங்களா?" என்று கேட்டாள். கவனித்திருந்தேன். அவளுடைய வயதுப் பிள்ளைகள் வீடு மாறி, வேறு விளையாட்டுக்கு மாறிப் போய்விட்டார்கள். மிச்சம் நிற்பது சின்னஞ்சிறுசுகள். அவள் எறிந்த பந்து ஒரு குட்டிப் பெடியனுக்குத் தோளில் பட்டு அவன் அழுத நாளிலிருந்து, இவள் கையை முழுதாக வீசுவதே இல்லை.

"ஏன் பிள்ளை மெதுவா எறியிறாய்?" என்றேன்.

"சின்னப் பிள்ளையள் பயப்பிடுதுகள். இட்ஸ் ஓகே."

"யூனியன்வில்லில பெரிய பிள்ளையள் இருப்பினம் என்ன?"

"ஓம். என்னை எடுத்திட்டினம். ஆனா அப்பா சொன்னார், அங்க வாரத்தில ரெண்டு நாள் பயிற்சி, நான் அங்க போனா புதன்கிழமையில இங்க வர நேரம் இராதாம், நீங்கள் தனிய இருப்பீங்களாம். இட்ஸ் ஓகே அப்பப்பா. எனக்கு இங்க விருப்பம்தான்."

அந்த "இட்ஸ் ஓகே"யை அவள் சொன்ன விதத்தை நீ கேட்டிருக்க வேண்டும். மஞ்சள் பொருந்தாது என்று சொன்னவனின் மகள் என்பதில் யாருக்கும் சந்தேகம் வராது. நான் பையைத் தோள் மாற்றிப் போட்டுக்கொண்டு நடந்தேன். அதற்குப் பிறகுதான் நீ வாசலில் நின்று தூரம் என்றாய்.

சரி, பிள்ளையை அனுப்பச் சொல்லலாம், ஆனால் இடம் நல்ல இடமா? அதைப் பார்க்காமல் சொல்லலாமா? ஒரு இடத்தை எப்படி விசாரிப்பது என்பது எங்கள் ஆட்களுக்கு ஒருவரும் சொல்லித் தர வேண்டியதில்லை. நீ காதலித்துத்தான் கட்டினாய், ஆனாலும் நான் மருமகள் வீட்டைப் பற்றி விசாரிக்காமல் விடவில்லை. இதை அவள் வாசித்தால் சிரிக்கட்டும். கலியாணம் பேசப் போகிறவன் சம்பந்தப்பட்டவர்களிடம் கேட்க மாட்டான், பக்கத்தில் இருப்பவர்களிடம்தான் கேட்பான். சொல்லிவிட்டுப் போக மாட்டான், சொல்லாமல் போய் நிற்பான். நல்ல நேரத்தில் எப்படி இருக்கிறார்கள் என்று பார்க்க மாட்டான், கோபம் வருகிற நேரத்தில் எப்படி இருக்கிறார்கள் என்று பார்ப்பான். இன்று செவ்வாய்க்கிழமை, அவர்களுக்குப் பயிற்சி நாள். குளிர்ச்சட்டையைப் போட்டுக்கொண்டு, பஸ் மாறி மாறி யூனியன்வில்லுக்குப் போனேன். கண் மருத்துவர் கார் ஓட்டக் கூடாது என்றுதான் சொன்னார், பஸ் ஏறக் கூடாது என்று சொல்லவில்லை.

கடையில் ஒரு தேநீர் வாங்கிக்கொண்டு போய் மேலே இருக்கையில் இருந்தேன். சறுக்கி விளையாடும் ஐஸை எடுத்துவிட்ட அரீனாதான், ஆனாலும் குளிர் காலுக்குள்ளால் ஏறியது. பிள்ளைகள் ஆதிரையின் உயரம், சிலர் அதைவிட உயரம். பந்து பறந்தது. ஒரு பிள்ளை லேசான பந்தை விட்டுவிட்டாள். தலைமைப் பயிற்சியாளர், வெள்ளைக்காரப் பெண்மணி, கிட்டப் போய் ஏதோ சொன்னார். பிள்ளை சிரித்துவிட்டுத் திரும்ப ஓடினாள். பிறகு உதவிப் பயிற்சியாளன், ஒரு தமிழ்ப் பெடியன், தாடியும் விசிலுமாக, ஓரத்தில் நின்ற பிள்ளைகளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு உள்ளே விட்டான். ஒருத்தியையும் மறக்கவில்லை. எனக்கு அவனைப் பிடித்துவிட்டது. பிடித்தால் போதுமா? விசாரிக்க வேண்டும். எனக்குப் பக்கத்தில் என் வயதில் ஒருவர் தேநீரோடு இருந்தார். ஊர் கேட்டேன், இணுவில் என்றார், இப்போது அஜின்கோர்ட்டில் இருப்பதாகச் சொன்னார். பிறகு மெல்ல விசயத்துக்கு வந்தேன்.

"அண்ணை, உந்தத் தாடிக்காரத் தம்பி ஆள் எப்பிடி?"

அவர் என்னை ஒருமுறை வடிவாகப் பார்த்தார். "ஏன் கேக்கிறியள்?"

"சும்மாதான். கோவக்காரனோ?"

"கோவமோ? அவனுக்கோ? சத்தமாக் கதைக்கவே தெரியாது."

"குடி கிடி?"

"சேச்சே. பச்சைத்தண்ணி."

"பொம்பிளைப் பிள்ளையளோட மரியாதையாப் பழகுவானோ?"

அவர் தேநீரைக் கீழே வைத்தார். முகம் நன்றாக மலர்ந்தது. சட்டைப் பையிலிருந்து தொலைபேசியை எடுத்தார். "உங்கட நம்பரைச் சொல்லுங்கோ, குறிப்பை அனுப்பிவிடுறன்."

"என்ன குறிப்பு?"

"பெடியன்ர சாதகம்தான். உவன் என்ர மூத்தவன். உங்கட மகளுக்கு என்ன நட்சத்திரம்?"

என்ன செய்வது, உண்மையைச் சொன்னேன். "அண்ணை, குறை நினையாதேங்கோ. எனக்குப் பொம்பிளைப் பிள்ளை இல்லை. ஒரு பேத்திதான், நாலாம் வகுப்பு. அவளை இந்த ரீமில விடலாமோ எண்டு பாக்க வந்தனான்." மனுசர் சிரிக்கத் தொடங்கினார் பார், அரீனா எதிரொலித்தது. கீழே பிள்ளைகள் ஆட்டத்தை விட்டுவிட்டு மேலே பார்த்தார்கள். பயிற்சியாளர் பெண்மணியும் பார்த்தார். நான் ஹெல்மெட் வாங்கிய நாளில்கூட இவ்வளவு வெட்கப்படவில்லை.

சிரித்து ஓய்ந்த பிறகு அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னார். "கலியாணத்துக்கு எண்டால் ஒரு குறையை நான் மறைச்சிருப்பன் அண்ணை. பிள்ளைக்குத்தானே, சொல்லுறன். பயிற்சி முடிஞ்சால் உவன் வீட்டை நேரத்துக்கு வரமாட்டான். கடைசிப் பிள்ளையின்ர கார் வருமட்டும் வாசலில நிப்பான். மழையெண்டாலும் நிப்பான், பனியெண்டாலும் நிப்பான். சாப்பாடு ஆறிப்போய்க் கிடக்கும், தாய் ஏசுவா. உவனை எந்தப் பொம்பிளை கட்டப்போறாள், சொல்லுங்கோ?"

மகனே, ஒரு குழுவைப் பற்றி இதற்கு மேல் நான் என்ன விசாரிக்க? அவர்கள் எத்தனை கிண்ணம் வென்றார்கள் என்று எனக்குத் தெரியாது, கேட்கவும் இல்லை. தோற்றால் எப்படித் தோற்பார்கள் என்பதை நீ போகப் போகப் பார்த்துக்கொள். மேலே இருந்து இரண்டு மொழியில் கத்துகிற அப்பனாக மட்டும் இருக்காதே, நான் அப்படி இருந்தேன், நீ நல்ல பிள்ளை என்றபடியால் கேட்காத மாதிரி ஓடினாய். ஆட்டம் முடிந்து காருக்குள் விசாரணை வைக்காதே. என்ன சாப்பிடப் போகிறோம் என்று கேள், அது போதும்.

இப்போது விசயத்துக்கு வருகிறேன். புதன்கிழமை போனால் எனக்குக் கஷ்டம்தான். உனக்கு நான் பொய் சொல்ல மாட்டேன், உன்னைப் போல் எனக்கும் அது ஒழுங்காக வராது. அவள் வரும் நாளில் நான் காலையிலேயே மாவைக் குழைக்கத் தொடங்கிவிடுவேன். சுவரில் பந்தை அடித்து அவள் பயிற்சி செய்ய, கீழ்வீட்டு மனுசி தடியால் கூரையைத் தட்டும் சத்தம்கூட எனக்கு விருப்பம். நீ எனக்காகத்தான் இதைச் செய்கிறாய் என்று தெரிந்தபோது எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது, ராசா. இப்படி ஒரு மகன் கிடைக்க நான் என்ன செய்தேன் என்று நினைத்தேன். ஆனால் அந்தப் பிள்ளை தன் கையை அரைவாசி வீசிக்கொண்டு நிற்பதைப் பார்த்துக்கொண்டு என்னால் கதிரையில் இருக்க முடியாது. உனக்கு அந்தப் பெரிய குழு கிடைக்காமல் போனது எனக்குத் தெரியாமல் நடந்தது. இது எனக்குத் தெரிந்தே நடக்கிறது. நான் விடமாட்டேன்.

ஆகவே ஞாயிற்றுக்கிழமை வரை பார்த்துக்கொண்டிருக்காமல் நாளைக்கே ஓம் என்று சொல்லிவிடு. மல்வேர்ன் பயிற்சியாளரிடம் நான் போய்ச் சொல்கிறேன், அவரோடு நான் ஒன்றாகத் தேநீர் குடிக்கிறவன், கோபிக்க மாட்டார். புதிய ஹெல்மெட் வாங்கப் போகும்போது என்னைக் கூட்டிக்கொண்டு போகாதே. மருமகளைக் கூட்டிப்போய், இன்றைக்கு ஆதிரைக்கு இருக்கிற தலைக்கு அளவாக வாங்கு. வளர்ந்தால் வேறு வாங்கலாம். உன் பழைய பையின் அடியில் அம்மாவின் சால்வை கிடக்கிறது, அதையும் ஆதிரையிடம் கொடு. தலைக்குள் வைக்கத் தேவையில்லை, பைக்குள் கிடக்கட்டும்.

என்னைப் பற்றி யோசிக்காதே. அந்த இணுவில் அண்ணை ஒவ்வொரு பயிற்சி நாளும், செவ்வாயும் சனியும், தன் மகனைப் பார்க்க அரீனாவுக்கு வருகிறவராம். "அஜின்கோர்ட்டில இருந்து மல்வேர்ன் என்ன பெரிய தூரமே? வாசலில வந்து ஹோர்ன் அடிக்கிறன், இறங்கி வாங்கோ. நீங்கள் வந்தால் எனக்கும் சிரிக்க ஓர் ஆள்" என்றார். இன்று திரும்பி வந்ததும் அவருடைய காரில்தான். மகனுக்குப் பெண் பார்த்துத் தரச் சொல்லி வழி முழுக்கக் கேட்டுக்கொண்டு வந்தார், உனக்கு யாரையாவது தெரிந்தால் சொல்.

வாரத்துக்கு ஒரு நாள் போய் இரண்டு நாள் வந்திருக்கிறது, ராசா. வருகிற செவ்வாய்க்கிழமை ஆதிரையைக் கூட்டிக்கொண்டு வா. எனக்கு இடம் பிடிக்க வேண்டாம், புட்டுப் பெட்டியோடு உனக்கு முதலே நான் மேலே இருப்பேன். அவள் உள்ளே இறங்கும்போது ஒன்றே ஒன்றை மட்டும் என் சார்பில் சொல்லி அனுப்பு: கையை முழுதாக வீசச் சொல்லு.

என்றும் உன்
அப்பா